விலங்கு மூளையின் மேற்பட்டைத் தடிப்பை எம்.ஆர்.ஐ. படத்தில் அளப்பது எப்படி? கொழும்பில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எலி, சுண்டெலி, குரங்கு, நாய் போன்ற விலங்குகளின் மூளைய மேற்பட்டை, அதாவது மூளையின் வெளிப்புறச் சாம்பல்நிற அடுக்கு, எவ்வளவு தடிப்பு என்று எம்.ஆர்.ஐ. படத்தில் அளக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மனித மூளைக்கென்றால் மென்பொருளும் பயிற்சிக் காணொளிகளும் தாராளமாகக் கிடைக்கும். விலங்கு என்று வந்தவுடன் அவை பாதி வழியில் கைவிட்டுவிடும். கொழும்பில் இருந்துகொண்டு இதைச் செய்யும்போது யாரிடம் கேட்பது என்பதும் சிக்கல்தான். எனக்கு அதிக காலம் போனது எந்த வேலையை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று தெரியாததில். அந்த வரிசையை உங்களுக்குத் தந்துவிடுகிறேன்.

ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். மென்பொருள் எப்போதும் ஓர் எண்ணைத் தரும். படம் மங்கலாக இருந்தாலும் தரும், எல்லைக்கோடு பிழையாக இருந்தாலும் தரும். அந்த எண் உண்மையிலேயே மேற்பட்டையின் தடிப்புத்தானா என்று பார்க்க வேண்டியது நீங்கள்.

1. முதலில் வொக்ஸல் கணக்கைப் போடுங்கள்

மனிதனின் மேற்பட்டை சராசரியாக 2.5 மில்லிமீற்றர். ரீசஸ் குரங்குக்கு ஏறக்குறைய 2 மி.மீ. சுண்டெலிக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான். அதுவும் இடத்துக்கு இடம் மாறும். முன்பக்கம் தடிப்பு, பார்வைக்குரிய பின்பக்கம் மெல்லிசு.

இப்போது படத்தின் வொக்ஸல் அளவை, அதாவது படம் எத்தனை சிறிய முப்பரிமாணக் கட்டங்களால் ஆனதோ அவற்றில் ஒன்றின் அளவை, பாருங்கள். மனிதருக்கு வழக்கமாக எடுக்கும் ஸ்கானில் ஒரு வொக்ஸல் 1 மி.மீ. அதே அமைப்பில் சுண்டெலியை எடுத்தால் மேற்பட்டையின் முழுத் தடிப்பும் ஒரே ஒரு வொக்ஸலுக்குள் அடங்கிவிடும். அதில் தடிப்பு என்று அளக்க ஒன்றும் இல்லை. இதற்காகத்தான் சிறு விலங்குகளுக்கென்று 7, 9.4, 11.7 டெஸ்லா (காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அலகு) ஸ்கானர்கள் இருக்கின்றன. அவற்றில் உயிருள்ள சுண்டெலியை 0.1 முதல் 0.2 மி.மீ. வரையிலும், இறந்தபின் பதப்படுத்திய மூளையை அதைவிட நுணுக்கமாகவும் எடுக்கலாம்.

நான் வைத்திருக்கும் விதி இது: மேற்பட்டையின் குறுக்கே குறைந்தது எட்டுப் பத்து வொக்ஸல் இருக்க வேண்டும். 0.1 மி.மீ. வொக்ஸலில் சுண்டெலிக்குப் பத்து கிடைக்கும். நீங்கள் தேடும் வித்தியாசம் 5 சதவீதம் என்றால் அது அரை வொக்ஸல். பல விலங்குகளைச் சேர்த்துச் சராசரி பார்க்கும்போது இந்த அரை வொக்ஸல் வித்தியாசம் பிடிபடக்கூடும். ஒரு தனி விலங்கை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் கேள்வி எந்த வகை என்பதைக் காசு செலவழிக்க முன்னரே தீர்மானித்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எலிகளின் படங்கள் பலவற்றில் வொக்ஸல் கனசதுரமாக இருக்காது. 0.1 × 0.1 × 0.5 மி.மீ. என்று இருக்கும், அதாவது ஒவ்வொரு வெட்டும் அரை மில்லிமீற்றர் கனம். மேற்பட்டை அந்த வெட்டுக்குச் செங்குத்தாக இருக்கும் நடுப்பகுதியில் பரவாயில்லை. மூளையின் முன் நுனியிலும் பின் நுனியிலும் மேற்பட்டை வளைந்து போகிறது. வாழைக்காயைச் சரிவாக நறுக்கினால் துண்டு நீண்டு தெரிவதுபோல, அங்கே தடிப்பு கூடித் தெரியும். சரிவு 30 பாகை என்றால் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல், 45 பாகை என்றால் 41 சதவீதம். நீங்கள் தேடும் 5 சதவீதம் இதற்குள் காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட படம் மட்டுமே இருந்தால் இரண்டு நுனிகளையும் அளவீட்டிலிருந்து விட்டுவிடுங்கள்.

2. விலங்கைத் தேட முன் திறந்த தரவில் பழகுங்கள்

நேரே ஸ்கானரைத் தேடிப் போக வேண்டாம். திறந்த தரவில் முழு வேலையையும் ஒரு தடவை முடித்துப் பாருங்கள். செலவில்லை, எந்த விலங்கும் துன்பப்படாது, எதிக்ஸ் கமிட்டி கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதிலும் கையில் இருக்கும்.

குரங்குக்கு பிரைம்-டிஈ என்ற தொகுப்பு. பல நாட்டு ஆய்வுக்கூடங்களின் குரங்குப் படங்கள் அதில் இருக்கின்றன. சில கூடங்களின் தரவுக்கு மட்டும் பயன்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்திட வேண்டும். அதில் உங்கள் பெயர் மட்டும் போதாமல், நிறுவனத்தின் சார்பில் ஒருவர் ஒப்பமிடவும் வேண்டி வரலாம். ஆகவே அதைத் துறைத்தலைவரின் மேசைக்கு முதலிலேயே அனுப்பிவிடுங்கள். ஓப்பன்நியூரோ என்ற இணையத்தளத்தில் எலி, சுண்டெலித் தரவுகள் கிடைக்கும். அங்கே பதிவிறக்க அனுமதி கேட்கத் தேவையில்லை. தொகுப்பு முழுவதையும் இறக்காமல் உடற்கூற்றுப் படங்கள் உள்ள கோப்புறையை மட்டும் எடுங்கள். செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. கோப்புகள்தான் இடத்தையெல்லாம் விழுங்குபவை, உங்களுக்கு அவை தேவையில்லை.

ஒப்பிடுவதற்கு அட்லஸ் ஒன்றும், அதாவது பகுதிகள் குறிக்கப்பட்ட மாதிரி மூளை வரைபடம் ஒன்றும், வேண்டும். சுண்டெலிக்கு 0.04 மி.மீ. வொக்ஸல் உள்ள டி.எஸ்.யு.ஆர்.கியூ.ஈ. அட்லஸ் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்தே செய்தது, அதனால் உங்கள் படத்தை அதன்மேல் பொருத்துவது சுலபம். அலன் நிறுவனத்தின் சுண்டெலி அட்லஸ் 1675 மூளைகளின் சராசரி, மிக அழகானது. ஆனால் அது நுண்நோக்கிப் படம். வெளிச்சம், இருள் எல்லாம் எம்.ஆர்.ஐ.யிலிருந்து வேறுபட்டிருக்கும், மண்டையோட்டிலிருந்து எடுத்த மூளை என்பதால் வடிவமும் சற்று மாறியிருக்கும். எலிக்கு வக்ஸ்ஹோம் அட்லஸ் நல்லது. ஆனால் அது ஒரே ஓர் ஆண் எலியின் மூளை என்பதை மறக்க வேண்டாம்.

3. கடிதங்கள், விண்ணப்பங்கள்

திறந்த தரவு மட்டும்தான் என்றாலும் உங்கள் பீடத்தின் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவிடம் "விலக்கு" கடிதம் (முழு மீளாய்வு தேவையில்லை என்ற கடிதம்) ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆய்வுக் கட்டுரை அனுப்பும்போது சஞ்சிகை அதைக் கேட்கலாம். மூலத் தரவை எடுத்தவர்களின் ஒழுக்கநெறி அனுமதி பற்றிய வரியையும் பிரதி எடுத்து அதே கோப்பில் போடுங்கள்.

உயிருள்ள விலங்கு என்றால் வேலை பெரிது. விண்ணப்பத்துடன் இவற்றைத் தயாராக வையுங்கள்: ஆய்வுத் திட்டம், மேற்பார்வையாளரின் கடிதம், மிருக வைத்தியரின் ஒப்புதல், மயக்க மருந்தின் பெயரும் அளவும், ஸ்கான் முடிந்தபின் விலங்குக்கு என்ன நடக்கும் என்ற விளக்கம், எத்தனை விலங்கு, ஏன் அத்தனை என்ற கணக்கு. கடைசியாகச் சொன்னதில்தான் விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. "ஒரு குழுவுக்கு பத்து" என்று எழுதினால் போதாது. திறந்த தரவில் நீங்கள் அளந்த தடிப்பின் மாறுபாட்டை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாம் படியை முதலில் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழு மாதத்துக்கு ஒரு தடவை கூடுகிறது என்று வையுங்கள். கேள்வி கேட்டு ஒரு தடவை திரும்பினால் அடுத்த கூட்டம்தான். எப்படியும் மூன்று மாதத்தை அட்டவணையில் ஒதுக்குங்கள். ஸ்கானர் கட்டணத்துக்கு வாங்கும் விலைக்கோரல் கடிதம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் செல்லாது; அனுமதி வரும்போது அது காலாவதியாகியிருக்கும், டொலர் விலையும் மாறியிருக்கும். அதனால் விண்ணப்பிக்கும்போது மதிப்பீடாக ஒன்றும், அனுமதி வந்தபின் உறுதியான ஒன்றும் என இரண்டு தடவை கேளுங்கள்.

ஆய்வுக்கூட எலிகளுக்குப் பலரும் போவது பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் விலங்கு நிலையத்துக்கு. அந்த நிறுவனத்தையும் கொழும்பில் எல்லாரும் எம்.ஆர்.ஐ. என்றே சொல்வதால், விண்ணப்பத்தில் எங்கும் "எம்.ஆர்.ஐ. ஸ்கான்" என்று முழுதாக எழுதுங்கள். நாய், பூனை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துடன் சேர்ந்து செய்வதே சரி. அங்கே சிகிச்சைக்கு வரும் பிராணி என்றால் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. காட்டு விலங்கின் மூளை என்றால், அது செத்துக் கிடைத்ததாக இருந்தாலும், பத்தரமுல்லையிலுள்ள வனஜீவராசிகள் திணைக்களத்துடன் பேசாமல் கை வைக்காதீர்கள்.

மாதிரியை வெளிநாட்டு ஸ்கானருக்கு அனுப்பும் யோசனை இருந்தால், இரு நிறுவனங்களுக்கும் இடையே பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் விலங்குத் தடுப்புக்காப்புப் பிரிவின் அனுமதியும் வேண்டும். எந்தக் குரங்கினமானாலும் சைட்டிஸ் (காட்டுயிர் வர்த்தகத்துக்கான சர்வதேச உடன்படிக்கை) அனுமதிப் பத்திரமும் கூடவே. இவை ஒன்றுக்குப்பின் ஒன்றாக வருபவை, ஒரே நேரத்தில் நடக்காது.

4. உயிருடனா, பதப்படுத்திய மூளையா?

உயிருள்ள விலங்கை எடுத்தால் அதே விலங்கை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம். ஆனால் ஐசோஃப்ளூரேன் மயக்கம், உடல் வெப்பத்தைக் காக்கும் ஏற்பாடு, மூச்சைக் கவனிக்கும் கருவி எல்லாம் வேண்டும், எல்லாமே காந்தத்துக்குள் போகக்கூடியவையாக இருக்க வேண்டும். மனித ஆஸ்பத்திரி ஸ்கானரில் இதற்கு இடம் கிடைப்பது மிகக் கடினம். நோயாளிகளின் வரிசையும் தொற்றுத் தடுப்பும்தான் காரணம், அது நியாயமானதும்கூட.

பதப்படுத்திய மூளை என்றால் மணிக்கணக்கில் அசையாமல் படம் எடுக்கலாம். கொழும்பில் தொடங்குபவருக்கு இதுதான் சாத்தியமான பாதை என்று நினைக்கிறேன். எலி மூளையை 3 டெஸ்லா ஸ்கானரில், மணிக்கட்டுக்கான சிறிய சுருளில் (சமிக்ஞையைப் பிடிக்கும் கருவி) வைத்து எடுப்பதுண்டு. அதில் கிடைப்பது ஓரளவு நுணுக்கம்தான், முதலாம் படியின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கவனிக்க வேண்டியவை:

மூளையை மண்டையோட்டிலேயே விட்டுவிடுங்கள். வெளியே எடுக்கும்போது மேற்பட்டைதான் முதலில் நசுங்கும்.

ஃபோர்மலினில் இருந்து எடுத்து நேரே ஸ்கான் பண்ணாதீர்கள். அது சமிக்ஞையைக் குறைக்கும். பொஸ்பேட் உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். காடோலினியம் என்ற எம்.ஆர்.ஐ. சாய மருந்து சேர்த்த கரைசலில் ஊறவைத்தால் படம் எடுக்கும் நேரம் குறையும், ஆனால் அது மூளையின் நடுவரைக்கும் ஊறுவதற்கு நாட்கள் பிடிக்கும். எல்லா மாதிரிகளையும் ஒரே அளவு காலம் ஊறவையுங்கள்.

காற்றுக்குமிழ் ஒன்றுகூட இருக்கக்கூடாது. மேற்பட்டையோடு ஒட்டிய குமிழ் படத்தில் கரும்பொட்டாக விழுந்து, அந்த இடத்தில் தடிப்பைக் குறைத்துக் காட்டும்.

பதப்படுத்தினால் மூளை சுருங்கும். ஆகவே பதப்படுத்தியதையும் உயிருள்ளதையும் ஒரே ஆய்வில் ஒப்பிடவே வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, ஸ்கான் மணித்தியாலக் கட்டணமே பெரும் பங்கு. ஒரு மாதிரி ஸ்கானுக்கான காசைத் தனியாக ஒதுக்குங்கள். அந்த முதல் படத்தை வைத்து அளந்து பார்க்காமல் மிச்சத்தை எடுக்கப் போகாதீர்கள்.

5. கணினி, டிஸ்க், மின்சாரம்

மென்பொருள் எல்லாம் இலவசம். ஐ.டி.கே.-ஸ்னாப் படத்தைப் பார்க்கவும் கோடு போடவும். ஆன்ட்ஸ் பொருத்தவும் தடிப்பு அளக்கவும். விண்டோஸ் கணினியில் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவிக்கொண்டால் போதும். 16 ஜி.பி. ரேம் இருக்கட்டும். 300 × 400 × 250 வொக்ஸல் கொண்ட ஒரு சுண்டெலிப் படம் 60 எம்.பி.தான், ஆனால் பொருத்தும்போது இடைநிலைக் கோப்புகள் அதைப் பல மடங்காக்கும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள், ஒன்று பிரதிக்கு.

ஒரு மூளையைப் பொருத்த மணித்தியாலங்கள் எடுக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழையில் கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருந்த வேலை அவ்வளவும் போய்விடும். யு.பி.எஸ். ஒன்று அவசியம். ஒவ்வொரு விலங்கையும் தனி வேலையாக, முடிந்ததை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தொடங்குமாறு எழுதுங்கள்.

6. படத்தைத் தயார் செய்தல்

முதலில் கோப்பை மூளைப் பட மென்பொருள்கள் படிக்கும் நிஃப்டி வடிவத்துக்கு மாற்றுங்கள். மாற்றியதும் செய்ய வேண்டியது திசையைச் சரிபார்ப்பது. ஸ்கானர் மனிதன் மல்லாந்து கிடப்பதாக நினைத்துக்கொள்ளும், எலியோ குப்புறக் கிடக்கும். அதனால் மேல் கீழாகும், இடம் வலமாகும். மேல் கீழ் மாறியது உடனே தெரியும். இடம் வலம் மாறியது படத்தைப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஸ்கானின்போது தலையின் ஒரு பக்கத்தில் மீனெண்ணெய்க் குளிசை ஒன்றை ஒட்டிவிடுங்கள், படத்தில் அது பளிச்சென்று தெரியும்.

அடுத்தது பத்து மடங்குப் பிரச்சினை. மனித மூளைக்கான மென்பொருள்கள் எலி மூளையை ஏற்காது. ஃபிரீசர்ஃபர் வழக்கமான ஓட்டத்தில் எல்லாவற்றையும் 1 மி.மீ. வொக்ஸலாக மாற்றிவிடும், சுண்டெலி மூளை நீளவாக்கில் பதினைந்து வொக்ஸலாகச் சுருங்கிப் போகும். இதற்காகப் பலர் கோப்பின் தலைப்புத் தகவலில் (ஹெடர்) வொக்ஸல் அளவைப் பத்தால் பெருக்கி ஏமாற்றுவார்கள். பெருக்கலாம், தப்பில்லை. ஆனால் கடைசியில் தடிப்பைப் பத்தாலும் கனவளவை ஆயிரத்தாலும் வகுக்க வேண்டும். பெருக்கிய கோப்பின் பெயரிலேயே "பத்து" என்று எழுதி வையுங்கள்.

மூன்றாவது, வெளிச்சச் சமன். மேற்பரப்புச் சுருளால் எடுத்த படத்தில் சுருளுக்குப் பக்கத்திலுள்ள மேற்பட்டை பளிச்சென்றும் அடிப்பக்கம் இருண்டும் இருக்கும். இதைச் சமப்படுத்தும் என்-4 திருத்தத்தைச் செய்யாமல் வெளிச்சத்தை வைத்து எல்லை பிரித்தால் எல்லை இடத்துக்கு இடம் நகரும்.

7. கோடு எங்கே? இதில்தான் நாட்கள் போகும், போகட்டும்

தடிப்பு என்பது இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட தூரம். இரண்டையும் எழுத்தில் வரையறுத்து, ஒரு பக்க ஆவணமாக வைத்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.

உள் எல்லை: கொறித்துண்ணிகளில் மேற்பட்டைக்குக் கீழே வெண்பொருள் (நரம்பு நார்கள் உள்ள பகுதி) மெல்லிய பட்டையாகப் படுத்திருக்கும். நடுவில் கோர்ப்பஸ் கலோசம், பக்கத்தில் எக்ஸ்டேர்னல் கப்சியூல். டி-2 படத்தில் (நீர் வெளிச்சமாகத் தெரியும் எம்.ஆர்.ஐ. வகை) கறுப்பாகத் தெரியும். நடுக்கோட்டுக்கு அருகில் சிங்குலம் நார்க்கட்டு வந்து சேரும் இடத்தில் அந்தப் பட்டை தடித்து, எது எல்லை என்று தெரியாமல் போகும். அங்கே ஒரு விதி வையுங்கள். கீழே ரைனல் பிளவைத் தாண்டினால் பிரிஃபோர்ம் மேற்பட்டை தொடங்கும். அது வேறு அமைப்புடையது, அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதற்கும் விதி வேண்டும்.

வெளி எல்லை: இதைச் சுலபம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உயிருள்ள எலியில் மேற்பட்டைக்கும் மூளையுறைக்கும் இடையிலுள்ள நீர் மிகவும் மெல்லிசு, பல இடங்களில் தெரியவே தெரியாது. பொரளையில் வேலை செய்யும் ரேடியோகிராபர் அக்கா ஒருவரிடம் நான் போட்ட கோடுகளைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி, மேல்விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஓடிய ஒரு வரியில் விரலை வைத்தார். "தம்பி, இது மூளையா, உறையா? மற்றப் பக்கத்தில நீங்க இதை விட்டிட்டீங்களே" என்றார். ஒரு வொக்ஸல்தான். பத்தில் ஒன்று, அதாவது 10 சதவீதம். அன்றிலிருந்து வெளி எல்லையை மூன்று திசை வெட்டுகளிலும் பார்த்த பின்னர்தான் ஏற்றுக்கொள்கிறேன்.

குரங்கு, நாய் போன்ற மடிப்புள்ள மூளை என்றால் இன்னொரு பொறி. மடிப்பின் இரண்டு கரைகளும் ஒட்டிக் கிடக்கும், நடுவில் நீர் தெரியாது. மென்பொருள் இரண்டையும் ஒரே மேற்பட்டையாக எடுத்துத் தடிப்பை இரட்டிப்பாக்கும். தடிப்பு வரைபடத்தில் மடிப்புகளின் ஆழத்தில் திடீரென 4 மி.மீ. என்று வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகியுங்கள்.

8. அளப்பது

லாப்லாஸ் முறையில் வெளி எல்லைக்கு ஒன்று, உள் எல்லைக்குப் பூச்சியம் என்று மதிப்புக் கொடுத்து, இடைப்பட்ட பகுதியில் சமன்பாட்டைத் தீர்ப்பார்கள். ஓர் எல்லையிலிருந்து மற்றதற்குப் போகும் கோட்டின் நீளமே தடிப்பு. மடிப்பில்லாத எலி மூளைக்கு இது மிகப் பொருத்தம். ஆன்ட்ஸில் உள்ள கெல்லிகபோவ்ஸ்கி நிரல் வேறு முறை. உள் எல்லையை வெளி எல்லை வரை தள்ளிப் பார்த்து அளக்கும், மடிப்புகளையும் ஓரளவு சமாளிக்கும். அதில் தடிப்பின் உச்ச மதிப்பு இயல்பாகவே 10 மி.மீ. என்று இருக்கும். மனிதனுக்கு வைத்தது அது. சுண்டெலிக்கு 2 மி.மீ. என்று மாற்றிவிடுங்கள். பத்தால் பெருக்கிய படத்தில் என்றால் 20.

எந்த முறையை எடுத்தாலும் ஆய்வு முழுவதற்கும் அதே முறை. ஒரு முறையில் வந்த எண்ணை மற்ற முறையில் வந்ததோடு ஒப்பிட முடியாது.

9. சரிபார்த்தல்

ஐந்து விலங்குகளை எடுத்து, எந்தக் குழு என்று தெரியாமல் பெயரை மறைத்து, கையால் எல்லை போட்டு அளந்துவிட்டு, ஒரு கிழமை கழித்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவீடும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே உங்கள் வேலையின் உண்மையான நுணுக்கம். அதைவிடச் சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததாக எழுதாதீர்கள்.

நோயில்லாத விலங்கில் இடமும் வலமும் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் தடித்திருந்தால் தலை சரிந்திருக்கிறதா, வெளிச்சச் சமன் சரியா என்று பாருங்கள்.

10. எழுதும்போது

இனம், வயது, பால், உடல்நிறை, ஸ்கானரின் டெஸ்லா, வொக்ஸல் அளவு மூன்று திசையிலும், உயிருடனா பதப்படுத்தியதா, எத்தனை நாள் ஊறியது, மென்பொருளும் பதிப்பு எண்ணும், ஏழாம் படியில் எழுதிய எல்லை விதி, ஒழுக்கநெறி அனுமதி இலக்கம். விட்டுவிட்ட விலங்குகள் எத்தனை, ஏன் என்பதையும் எழுதுங்கள். பின்னிணைப்பில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரே இடத்து வெட்டு ஒன்றை, இரண்டு எல்லைக்கோடுகளும் தெரியும்படி சேருங்கள். எங்களிடம் மதிப்பாய்வாளர் முதலில் கேட்டது அந்தப் படங்களைத்தான். அவற்றைத் திரும்பவும் எடுத்து அடுக்க இரண்டு கிழமை போனது. அளக்கும்போதே சேமித்துவிட்டால் அந்த வேலை மிச்சம்.